சபை மூச்சு விடும் இடம்



சபைப் பாட்டுக்குப் பியானோ வாசிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். விரல்களைப் பற்றிக் கொஞ்சமும் மூச்சைப் பற்றி நிறையவும் பேசப் போகிறேன். ஆராதனையில் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் இசை படித்தவர்கள் அல்லர். முன்வரிசையில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நடுவில் குடும்பங்கள். தூணோரம் ஒரு பாட்டி. அவருக்குப் புத்தகம் வேண்டாம், எல்லாச் சரணமும் மனப்பாடம். கடைசி பெஞ்சில், நேற்றுத்தான் ஊர் மாறி வந்த இளைஞன். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சிழுத்து, ஒரே நேரத்தில் வாய் திறக்க வேண்டும். கச்சேரியில் பக்கவாத்தியக்காரருக்கு ஒரு வித்வானின் முகம் தெரிந்தால் போதும். நமக்கு முன்னால் ஒரு சபையே நிற்கிறது. அதற்கு ஒத்திகை கிடையாது. எங்கே மூச்சு எடுப்பது என்பதை அதற்குக் காட்டிக்கொடுப்பதுதான் நம் வேலை. இன்று நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

இந்தப் பாட்டுகள் நம்மிடம் வந்த வழியை முதலில் நினைத்துக்கொள்வோம். புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்த பியானோ, மெடிச்சி குடும்பத்து இசைக்கருவிப் பட்டியலில் 1700-இல் இடம்பெறுகிறது. 1706-இல் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுடன் வந்தவை ஜெர்மன் சபைப் பாட்டுகள், பியானோ வரவில்லை. பின்னால், 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபைகள் இன்றும் பாடுகின்றன. இந்த மெட்டுகளில் எதுவும் பியானோவை மனதில் வைத்துப் பிறந்ததல்ல. கால்வின் காலத்து ஜெனீவாவில் சபை வாத்தியமே இல்லாமல், எல்லோரும் ஒரே குரலாகச் சங்கீதங்களைப் பாடியது. ஜெர்மன் சபைகளில் ஆர்கன் துணைக்கு வந்தது. மனிதக் குரலுக்கு மட்டுமே ஏற்பட்ட மெட்டுகள் இவை. அதனால்தான் பயிற்சி இல்லாதவர்களாலும் பாட முடிகிறது, அதனால்தான் நானூறு ஐந்நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன.

நம் ஊர் ஆலயங்களுக்குப் பைப் ஆர்கன் எட்டாத பொருள். பெருநகரங்களில் சில கதீட்ரல்களும் பழைய ஆலயங்களும் வைத்திருந்தன. மற்ற இடங்களில் ஹார்மோனியம் வந்தது. பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையால் துருத்தி அடிக்கும்படி அதை மாற்றிக்கொடுத்த பிறகு தரையில் உட்கார்ந்தும் வாசிக்க முடிந்தது. பியானோ மிஷன் பங்களாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்தது. ஆலயத்துக்குள் மெதுவாகத்தான் நுழைந்தது. இன்று அநேக சபைகளில் இருப்பது மின்சாரக் கீபோர்டு. ஆனால் அதில் நாம் அழுத்துவது பெரும்பாலும் பியானோ ஒலியைத்தான். ஆகவே பியானோவின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் தப்ப முடியாது.

அந்தக் குணம் இதுதான். ஆர்கனில் கட்டையை விடும்வரை ஒலி குறையாது. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணமே ஒலி இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே நீண்ட ஸ்வரத்தில் பியானோ சபையைக் கைவிடுகிறது. ஸ்வரம் தொடங்கும் இடத்திலோ ஆர்கனைவிடத் தெளிவாக நின்று உதவுகிறது. தாளம் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் பியானோவுக்கு மிஞ்சியது இல்லை. குரல்களைத் தாங்கி நிற்க வேண்டுமென்றால் அதற்கு நாம் உதவ வேண்டும்.

எப்படி உதவுவது? பாட்டுப் புத்தகத்தில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்கள் அச்சாகியிருக்கின்றன. அவை பாடுவதற்காக எழுதப்பட்டவை. இரண்டு கைகளிலும் இரண்டிரண்டாக அப்படியே வாசித்தால் பியானோவின் நடுப்பகுதியில் எல்லாம் நெருக்கமாகக் கிடக்கும். சபை பாட ஆரம்பித்ததும் ஒன்றுமே கேட்காது. டெனரையும் வலது கைக்குக் கொண்டுவாருங்கள். வலது கையில் மூன்று குரல், மேலே மெட்டு. இடது கை முழுவதும் பேஸுக்கு. அதை இரட்டை ஸ்தாயியில், ஆக்டேவாக வாசியுங்கள். முந்நூறு பேர் பாடும்போது அவர்கள் காதில் விழுவது மேலே இருக்கும் மெட்டு அல்ல, அதை அவர்களே பாடிக்கொண்டிருக்கிறார்கள். அடியில் போகிற பேஸ்தான் அவர்களை நடத்துகிறது. சுருதி இறங்காமல் காப்பதும் அதுதான். இடது கை பலவீனமான ஒருவர் நல்ல தனி வாசிப்பாளராகக்கூட இருக்கலாம், சபையை நடத்த அவரால் முடியாது.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'ஓல்ட் ஹண்ட்ரெட்த்' என்று பெயர்பெற்ற மெட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். துதிப்பாட்டாக உலகமெங்கும் பாடப்படுவது. ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 1551-இல் லூயி பூர்ஷ்வாவின் கையால் வந்தது. நான்கு அடிகள், அடிக்கு எட்டு ஸ்வரங்கள். முதல் அடி: ஸ ஸ நி த ப ஸ ரி க. இரண்டாவது: க க க ரி ஸ ம க ரி. மூன்றாவது: ஸ ரி க ரி ஸ த நி ஸ. நான்காவது மேல் பஞ்சமத்தில் தொடங்கி இறங்குகிறது: ப க ஸ ரி ம க ரி ஸ.

இதற்குள் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். கீழே ஒரு பஞ்சமம், மேலே ஒரு பஞ்சமம், சரியாக ஒரு ஸ்தாயிக்குள் முழுப் பாட்டும் அடங்கிவிடுகிறது. ஐந்து கட்டையில், அதாவது ஜி மேஜரில் வாசித்தால் கீழே டி, மேலே டி. தாத்தாவுக்கும் பேத்திக்கும் இருவருக்கும் எட்டும். ஆறு கட்டைக்கு ஏற்றினால் நான்காவது அடியின் முதல் ஸ்வரத்தில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த ஸ்வரம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள்: மூன்றாவது அடி ஆதார ஷட்ஜத்தில் இறங்கி முடிந்தவுடன், ஒரே தாவலில் மேல் பஞ்சமம். மூச்சில்லாமல் யாராலும் அந்தத் தாவலைப் பாட முடியாது. மூன்றாவது அடியின் கடைசி ஸ்வரத்தை முழு நீளம் பிடித்துக்கொண்டே போகிற பியானோக்காரர் சபையின் மூச்சைத் திருடுகிறார். அங்கே கையைத் தூக்க வேண்டும், பெடலையும் விட வேண்டும். ஒலி நிற்கிற அந்த இடத்தில் சபை மூச்சிழுக்கும். யாரும் கையசைத்துச் சொல்லத் தேவையில்லை. உடம்பு தானாகச் செய்யும்.

இரண்டாவது அடியின் தொடக்கத்தில் காந்தாரம் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் நான்கு குரல்களையும் தட்டினால் சுத்தியல் சத்தம் மட்டும் மிஞ்சும். பெடலை அழுத்திப் பிடித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். எத்தனை அசை போயிற்று என்று பின்வரிசைக்குத் தெரியாது. மெட்டை மூன்று முறை தெளிவாகத் தட்டுங்கள். நடுக்குரல்களில் மாறாமல் நிற்பதை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ் மட்டும் நடக்கட்டும். கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெடலைப் புதிதாக எடுங்கள். இந்த எட்டு ஸ்வரங்களை ஒரு வாரம் முழுக்கப் பழகலாம். நான் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளை அப்படித்தான் பழகச் சொல்கிறேன்.

இனி வேகம். சபை இழுக்கிறது, சபை இழுக்கிறது என்று எல்லா ஊர்களிலும் புலம்பல் கேட்கிறது. சபை ஏன் இழுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தில் பியானோ முன்னால் இருந்தால், கடைசி வரிசைக்கு அது பத்தில் ஒரு நொடி தாமதமாகச் சேரும். அவர்கள் கேட்டவுடன் பாடினாலும் அந்தக் குரல் திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு நொடி. நிமிடத்துக்கு 80 தட்டு என்ற நடையில் ஒரு தட்டின் நீளம் முக்கால் நொடி. அதாவது பின்வரிசைக் குரல் கால் தட்டுக்கும் மேலே பிந்தித்தான் நம் காதுக்கு வருகிறது. அவர்கள் பிந்திப் பாடவே இல்லை. பிந்தி வந்ததுபோல் நமக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். இப்போது அவர்களுக்காக நாம் கொஞ்சம் காத்திருந்தால், நம் தாமதமும் அவர்களிடம் தாமதமாகப் போய், அவர்கள் இன்னும் காத்திருந்து, மூன்றாவது சரணம் வரும்போது பாட்டு படுத்துவிடும். இது யாருடைய சோம்பலும் இல்லை. காது சொல்வதை அப்படியே நம்பிய பியானோதான் காரணம்.

ஊஞ்சல் தள்ளுகிறவர் பலகை வந்து மோதும்வரை நிற்கமாட்டார். வரும் தருணம் தெரிந்து லேசாகக் கை கொடுப்பார். வேகத்தைக் காப்பதும் அப்படித்தான். சத்தமாக அடிப்பதால் சபை வேகம் எடுக்காது. அடியின் முதல் ஸ்வரம் மட்டும் நேரத்துக்கு, உறுதியாக விழ வேண்டும். மற்ற ஸ்வரங்களில் பாட்டைச் சபையின் கையில் விட்டுவிடலாம்.

சபையோடு நாம் செய்துகொள்ளும் உடன்படிக்கை முன்னிசைதான். எந்த நடையில் பாடப் போகிறோமோ அதே நடையில் அதை வாசிக்க வேண்டும். அழகுக்காக மெதுவாக வாசித்துவிட்டு, சபை எழுந்ததும் வேகமெடுப்பது உடன்படிக்கையை மீறுவது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்குக் கடைசி அடி போதும். புதிய பாட்டுக்கு முழு மெட்டையும் வாசியுங்கள். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் முதல் இடைவெளியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு தட்டு விட்டால் எல்லா இடத்திலும் இரண்டு தட்டு. ஒரு இடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் மூன்றரை என்று விட்டால், சபை பயந்து உங்களைப் பார்க்கத் தொடங்கும். பயந்த சபை பாடாது.

தமிழில் பாடும் சபைக்கு வாசிப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. மேலைநாட்டு மெட்டுகளில் அசையின் அழுத்தம் கணக்கு. தமிழில் குறிலும் நெடிலும் கணக்கு. மெட்டின் நீண்ட ஸ்வரத்தில் ஒரு குறில் வந்து மாட்டிக்கொண்டால், 'கிருபை' என்ற சொல்லின் முதல் எழுத்தைச் சபை 'கீ' என்று நீட்டிவிடும். மொழிபெயர்த்தவர்களும் பாட்டுக் கட்டியவர்களும் முடிந்தவரை பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மெட்டுக்கு ஆறு சரணம் என்றால் ஆறிலும் அமையாது. இன்னொன்று: அநேக மெட்டுகள் தாளத்தின் பலவீனமான தட்டில் ஆரம்பித்து, இரண்டாவது அசையில்தான் பலமான தட்டுக்கு வருகின்றன. தமிழ்ச் சொல்லுக்கோ முதல் அசையிலேயே எடுப்பு. பலமான தட்டில் பேஸை ஓங்கி அடிக்கிற பியானோ, சொல்லின் இரண்டாம் எழுத்தைக் குத்துகிறது. அப்படிப்பட்ட சரணத்தில் இரண்டு தட்டுக்கும் சமமான எடை கொடுங்கள். சொல் சிதையாமல் நிற்கும்.

ஆகவே பியானோ மேல் ஸ்வரப் புத்தகம் மட்டும் இருந்தால் போதாது, பாமாலைப் புத்தகமும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சரணத்தையும் சனிக்கிழமையே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எந்த அடியின் முடிவில் பொருள் முடிகிறது, எங்கே வாக்கியம் அடுத்த அடிக்கு ஓடுகிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். பொருள் ஓடுகிற இடத்தில் மூச்சு சின்னதாக இருக்கட்டும். முடிகிற இடத்தில் தாராளமாக விடுங்கள். வாசிக்கும்போது நீங்களும் பாடுங்கள், உதட்டளவிலாவது. தானும் மூச்சு விடுகிறவருக்குத்தான் மற்றவர்களின் மூச்சு தெரியும்.

அலங்காரம் பற்றி எப்போதும் கேள்வி வரும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ராபர்ட் ஹார்க்னெஸ் என்ற பியானோக்காரர், 1902 முதல் டோரி - அலெக்சாண்டர் நற்செய்திக் கூட்டங்களில் வாசித்தவர். அச்சிலிருக்கும் நான்கு குரலை விட்டுவிட்டு ஆக்டேவும் ஓட்டமும் நிரப்புக் கார்டுகளும் சேர்த்து வாசிப்பதில் பெயர் பெற்றார். அந்த முறையைத் தபால்வழிப் பாடமாகவும் எழுதினார். இன்று நாம் கேட்கிற எழுப்புதல் கூட்டப் பியானோ நடையில் அவருடைய சாயல் நிறைய உண்டு. ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில், முன்னால் பெரிய பாடகர் குழுவும் அதை நடத்த ஒருவரும் இருக்கும்போது, அந்த நிரப்பு வேலை அவசியமானது. நீண்ட ஸ்வரங்களில் பியானோ ஒலி இறந்துபோகாமல் அது காக்கிறது. ஆனால் எண்பது பேர் உள்ள கிராமத்துச் சபையில் அதே ஓட்டங்களை ஓட்டினால், சபை பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிக்கும். சபை கேட்க ஆரம்பித்தால் நாம் தோற்றோம் என்று பொருள். நிரப்புவதாக இருந்தால் சபை மூச்சு விடும் அந்த ஒரு தட்டில் நிரப்பாதீர்கள். நீண்ட ஸ்வரத்தின் நடுவில், டெனர் குரலில், ஒன்றிரண்டு ஸ்வரம் நகர்ந்தால் போதும்.

கீர்த்தனைகளைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர், தஞ்சையில் வாழ்ந்தவர். அவரும் அவர் வழி வந்தவர்களும் தந்த பாடல்கள் ராகத்திலும் தாளத்திலும் பிறந்தவை, கார்டுகளில் பிறந்தவை அல்ல. சங்கராபரணத்தில் அமைந்ததற்கு மேஜர் கார்டுகள் ஓரளவு ஒத்துப்போகும். கீரவாணிக்கு ஹார்மானிக் மைனர் ஸ்வரங்கள்தான். தோடியின் காந்தாரமோ ஆனந்தபைரவியின் பிடியோ பியானோ கட்டையில் கிடையாது. கட்டை கொடுப்பது அசையாத ஒரு ஸ்வரத்தை, அவற்றின் உயிரோ அசைவில் இருக்கிறது. அங்கே கார்டு போட்டு ராகத்தை மூடுவதைவிட, இடது கையில் ஷட்ஜ பஞ்சமம், வலது கையில் ஒற்றை மெட்டு, சரணம் பாடும்போது அதுவும் இல்லாமல் வெறும் சுருதி, தாளத்துக்குத் தபேலாவோ டோலக்கோ என்று வைத்துக்கொள்வது நல்லது. சபை கமகத்தைத் தானே பாடிக்கொள்ளும். பாட்டிமார்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். மிஸ்ர சாபுவில் ஏழு தட்டை நான்காகவோ எட்டாகவோ மாற்றி 'சுலபமாக்கி' வாசிப்பதை நான் கேட்டிருக்கிறேன். ஏழு தட்டு நம் மக்களுக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள்.

கீபோர்டில் ஆட்டோ ரிதம் என்று ஒரு பொத்தான் உண்டு. சபைப் பாட்டில் அதை அழுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த எந்திரத்துக்கு மூச்சு இல்லை. அடியின் முடிவில் அது நிற்காது, மூன்றாம் சரணத்தில் மரணத்தைப் பாடினாலும் நான்காம் சரணத்தில் உயிர்ப்பைப் பாடினாலும் ஒரே மாதிரி தட்டும். டிரான்ஸ்போஸ் பொத்தான் வேறு. காலை ஏழு மணி ஆராதனையில் குரல்கள் இன்னும் திறந்திருக்காது. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குவது சபைக்குச் செய்யும் நன்மை. ஆனால் பொத்தான் இல்லாத பியானோ முன்னால் ஒருநாள் உட்கார வேண்டிவரும். அதற்கு டோனிக் சால்ஃபா கற்றுக்கொள்ளுங்கள். சாரா குளோவர் உருவாக்கி, ஜான் கர்வென் பரப்பிய அந்த முறையில், டோ எந்தக் கட்டையில் இருந்தாலும் பாட்டு ஒன்றுதான். நம் பாடகர் குழுக்களில் முதியவர்கள் ஆல்டோவும் டெனரும் அதில்தான் படித்தார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

உண்மையான பியானோ வைத்திருக்கும் சபைகளுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் பாட்டுகள் வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை ஊதுகிறது, சுருதி நடுப்பகுதியில் ஏறிப்போகிறது, கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. கோடையில் எதிர்ப்பக்கம் போகும். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் உள்ளே இருக்கின்றன. வருடம் இரண்டு முறை சுருதி சேர்க்கவேண்டும், அதில் ஒன்று மழை பிடித்த பிறகு, டிசம்பருக்கு முன். பழைய ஆட்கள் கீழ்ப்பலகைக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டு ஈரத்தைப் போக்குவார்கள். இன்றும் அது வேலை செய்கிறது; திரைச்சீலையோ துணியோ மேலே படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூச்சாடியைப் பியானோ மேல் வைக்காதீர்கள். தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் போனதுதான்.

அடக்க ஆராதனையில் வாசிப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமானது. அன்று சபை பாடாது, பாட முயற்சி செய்யும். முதல் அடியில் நன்றாக இருக்கும் குரல் இரண்டாவது அடியில் உடைந்துவிடும். குடும்பத்தார் நிறுத்துவார்கள், பின்வரிசை தொடரும், பிறகு அவர்களும் நிறுத்துவார்கள். அன்றைக்கு மட்டும் மெட்டை இரட்டை ஸ்தாயியில் வாசியுங்கள், யார் எங்கே விட்டாலும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ள வழி தெரிய வேண்டும். வேகத்தைக் குறைக்காதீர்கள். துக்கத்தில் மூச்சு குட்டையாகிவிடும். மெதுவான பாட்டு அந்த மூச்சுக்கு எட்டாது. மூச்சுவிடும் இடங்களை மட்டும் கொஞ்சம் அகலமாக்குங்கள். யாருமே பாடாமல் போனாலும் சரணத்தை முடியுங்கள். அந்தக் குடும்பம் வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் ஆயர்களிடமும் கமிட்டி உறுப்பினர்களிடமும் சில விண்ணப்பங்கள். பாட்டு எண்களை ஆராதனை தொடங்கும் முன் வெஸ்ட்ரியில் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். வியாழக்கிழமைக்குள் கொடுங்கள், சரணங்களை வாசித்து, மூச்சுக்குறி போட, கட்டை தீர்மானிக்க அந்த இரண்டு நாள் வேண்டும். ஆறு சரணத்தில் மூன்றைத்தான் பாடப் போகிறோம் என்றால் எந்த மூன்று என்று முன்பே சொல்லுங்கள். பியானோவை, வாசிப்பவருக்குச் சபையின் முகம் தெரியும்படி திருப்பிப் போடுங்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரால் யார் மூச்சு எடுக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. சுருதி சேர்க்கும் செலவை வருடாந்தர பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஒவ்வொரு சபையிலும் பதிமூன்று பதினான்கு வயதில் பியானோ படிக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பாட்டு, அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். அன்று பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டட்டும்.